கயிறு ரயில் வானொலியில் ஏறிய நாள்

பேப்பர் வாசலில் வந்து விழுந்த சத்தம் கேட்டதும் மூன்று பேரும் ஒரே சமயத்தில் கதவருகே வந்து முட்டிக்கொண்டார்கள். மருமகள் வாயில் பல் துலக்கும் பிரஷ். மகன் முகத்தில் பாதி சோப்பு நுரை. டீச்சரம்மா மட்டும் குளித்துத் தலைவாரி, பேப்பருக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை, செருப்பை எடுக்கத்தான் வந்தேன் என்பதுபோல் நின்றார்.

போன வாரம் படிக்காமல் விட்டவர்களுக்கு இரண்டு வார்த்தை. டீச்சரம்மா என்று ஊரே அழைக்கும் இந்த அம்மாள், பெரிய சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் சின்னப் பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியை. இன்று அங்கே ஒன்றாம் வகுப்புச் சேர்க்கை. வகுப்பு நிரம்பாவிட்டால் பள்ளியைப் பக்கத்துப் பெரிய பள்ளியோடு சேர்த்துவிட்டுக் கட்டடத்துக்குப் பூட்டுப் போட்டுவிடுவேன் என்று நிர்வாகக் குழுத் தலைவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். மனிதர் சொன்னால் செய்வார்.

மருமகள் முன்பு உள்ளூர் நாளிதழில் நிருபர். ஆட்குறைப்பில் ஊர்ச் செய்திப் பக்கத்துக்கு ஒரே ஒரு நாற்காலிதான் மிச்சம் என்று வந்தபோது, அது அதே அலுவலகத்தில் வேலை பார்த்த நாத்தனாருக்குப் போனது. அதிலிருந்து இருவருக்கும் இடையே பேச்சு அளந்துதான். வேலை போன மருமகள் வீட்டில் உட்காரவில்லை. பள்ளிகளில் நடக்கும் நல்லதைப் பத்திரிகைக்கும் வானொலிக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க உதவுவதையே தொழிலாக்கிக்கொண்டாள். ஊரில் பல பள்ளிகளின் வாசல் அவளுக்குத் திறந்தது. மாமியாரின் பள்ளி வாசல் மட்டும் திறக்கவில்லை.

நிறைகுடம் தளும்பாது என்பது டீச்சரம்மாவின் கட்சி. நல்லது செய்தால் ஊருக்குத் தானாகத் தெரியும், தம்பட்டம் அடிப்பது வாத்தியார் வேலையில்லை என்பார். பூட்டு என்ற சொல் காதில் விழுந்த பிறகுதான், சரி, என்னவோ எழுது என்று இறங்கி வந்தார்.

எழுதுவதற்கு அருமையான விஷயம் இருந்தது. அதன் பெயர் கயிறு ரயில். கடைத்தெருத் தையல்காரர் மிச்சத் துணிகளை முறுக்கிப் பின்னிய நீளமான கயிறு அது. பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று கைக்கு ஒரு முடிச்சு. தினமும் காலையில் தையல்காரர் முன்னால் பிடிக்க, பள்ளி வாசலைக் காக்கும் கேட் அம்மா கடைசியில் பிடிக்க, நடுவில் பிள்ளைகள் முடிச்சுக்கு ஒருவராகப் பிடித்துக்கொண்டு தெருத் தெருவாக நடந்து, பெரிய சாலையைத் தாண்டிப் பள்ளிக்கு வந்து சேருவார்கள். கூட்டிப் போக ஆளில்லாமல் வீட்டில் கிடந்த பிள்ளைகள் எல்லாம் இப்போது வகுப்பில் இருந்தார்கள்.

இதைத்தான் மருமகள் எழுதிக் கொடுத்தாள். இன்றைய பேப்பரில், சேர்க்கை நாளன்று, படத்தோடு வரவேண்டும் என்று நாளும் பார்த்துக் கொடுத்தாள்.

வந்திருந்தது. உள்பக்கத்தில், செருப்புக் கடை விளம்பரத்துக்குக் கீழே, மூக்குக்கண்ணாடி போட்டால்தான் தெரியும் அளவில்.

"பள்ளியில் சாலைப் பாதுகாப்பு நிகழ்ச்சி நடைபெற்றது. நிர்வாகக் குழுத் தலைவர் தலைமை தாங்கினார். உறுப்பினர்கள் முன்னிலை வகித்தனர். தலைமை ஆசிரியை வரவேற்றார்."

அவ்வளவுதான். கயிறு இல்லை, ரயில் இல்லை, பிள்ளைகள் இல்லை. இப்படிப்பட்ட செய்தியை அதில் பெயர் வந்தவரைத் தவிர உலகத்தில் வேறு யாரும் படிப்பதில்லை. அவரும் தன் பெயர் வரைக்கும்தான் படிப்பார்.

மருமகள் வாயைக்கூடக் கொப்பளிக்காமல் நாத்தனாருக்குப் போன் போட்டாள். அளந்து வைத்திருந்த பேச்சு மொத்தமும் கொட்டியது. நாற்காலிதான் போச்சு, நாலு வரி நல்லதாகப் போடக்கூட மனசு வரவில்லையா, உன் அம்மா பள்ளிக்கூடம்தானே அது என்று பொரிந்து தள்ளினாள். மகன் நுரை முகத்தோடு மெல்லக் குளியலறைப் பக்கம் நகர்ந்தான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது கல்யாணமான மறுநாளே அவனுக்குப் புரிந்துவிட்ட விஷயம்.

நாத்தனார் குறுக்கே பேசாமல் கேட்டாள். முடித்ததும் நிதானமாகச் சொன்னாள்.

"அண்ணி, என் அம்மா பள்ளிக்கூடம்ங்கறதாலதான் நான் அதைத் தொடவே இல்லை. சொந்த வீட்டுச் செய்தியைச் சொந்தக் கையால போடக்கூடாதுன்னு எங்க ஆபீஸ்ல விதி இருக்கு, உங்களுக்கே தெரியும். பக்கத்து சீட்ல கொடுத்துட்டேன். ஆனா நான் படிச்சுப் பாத்தேன். நீங்க அனுப்பினதுல கயிறே இல்லையே."

"இல்லாம எப்படி? முதல் வரியே கயிறுதான்."

"முதல் வரி தலைவர். ரெண்டாவது வரி உறுப்பினர்கள். ஒரே ஒரு போட்டோ, மேடையில பெரியவங்க நாலு பேர் நிக்கறாங்க. நீங்களா இப்படி எழுதினீங்கன்னு எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு."

மருமகள் போனை இறக்கிவிட்டு மெதுவாகத் திரும்பினாள். டீச்சரம்மா செருப்பில் ஒரு காலை நுழைத்தபடி நின்றுகொண்டிருந்தார்.

"நான்தான் திருத்தினேன்" என்றார்.

பள்ளியின் பெயரில் போகும் எதுவும் பள்ளியிலிருந்துதான் போகவேண்டும் என்பது ஒழுங்கு. அதனால் மருமகள் எழுதியது டீச்சரம்மாவின் மேசைக்குப் போனது. முப்பது வருஷம் கட்டுரை நோட்டு திருத்திய கை சும்மா இருக்குமா? தலைவர் பெயர் இல்லாமல் ஆரம்பிப்பது மரியாதைக் குறைவு என்று அவரை மேலே ஏற்றியது. தையல்காரர் சொன்னதெல்லாம் பேச்சு வழக்கில் இருந்ததால் அடித்தது. பிள்ளைகள் படத்துக்குப் பதிலாக மேடைப் படத்தை வைத்தது. கடைசியில் கயிற்றையும் எடுத்துவிட்டது.

அதற்கு மட்டும் வேறு காரணம் இருந்தது. பல வருஷங்களுக்கு முன் பள்ளியின் பின்சுவரில் கொஞ்சம் காரை பெயர்ந்து விழுந்தது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் ஒரு பத்திரிகை அந்தச் சுவரை ஏதோ பூகம்பம் வந்ததுபோல் படம் பிடித்துப் போட்டது. அந்த வருஷம் பெற்றோர் முகத்தில் விழிக்கக்கூட முடியாமல் டீச்சரம்மா கூனிக்குறுகிப் போனார். சூடு கண்ட பூனை அவர்.

"பிள்ளைங்களைக் கயிறு கட்டி இழுத்துட்டுப் போறாங்கன்னு எவனாவது எழுதிட்டான்னா?" என்றார். குரல் உயரவில்லை. "அதான் பயந்துட்டேன்."

மருமகளுக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. மாமியாரின் வாயிலிருந்து பயம் என்ற சொல்லை அவள் இதுவரை கேட்டதே இல்லை. அதனால் கோபம் பாதியில் எங்கோ போய்விட்டது.

"நிறைகுடம் தளும்பாதுதான் அத்தை" என்றாள். "ஆனா குடம் எங்க இருக்குன்னு தெரியாம தாகத்தோட ஊரே நம்ம வாசலைத் தாண்டிப் போயிட்டிருக்கு. இன்னைக்கு ஒரு நாள்தான் இருக்கு. என்கூட வருவீங்களா?"

எங்கே என்று டீச்சரம்மா கேட்டார்.

உள்ளூர் வானொலிக்கு என்றாள் மருமகள். அதன் காலை நிகழ்ச்சியை நடத்துபவருக்கு ஊர் வைத்த பெயர் வாயாடி அண்ணன். கடை திறப்பவர்கள், சமையலறையில் நிற்பவர்கள், பிள்ளையைக் கிளப்புகிறவர்கள் எல்லாரும் அவர் பேச்சைக் கேட்டபடிதான் கிளம்புவார்கள். மருமகளுக்கு அவர் நிருபராக இருந்த காலத்திலிருந்து பழக்கம். அவள் போனில் விஷயத்தைச் சொன்னதும், ரயில் கிளம்பும்போதே நேரலையில் போட்டுவிடலாம் என்று அவர் துள்ளிக் குதித்தார். ஒரே நிபந்தனை. பள்ளியின் சார்பில் தலைமை ஆசிரியை பேசவேண்டும், அதுவும் கயிற்றோடு நடந்துகொண்டே.

டீச்சரம்மா செருப்பிலிருந்து காலை எடுத்துவிட்டார். முடியாது என்று சொல்லத்தான் வாய் திறந்தார். அதற்குள் மகன் குளியலறையிலிருந்து தலையை நீட்டி, நீ போகாவிட்டால் உன் மருமகள் உன் குரலில் பேசிவிடுவாள், வீட்டில் தினமும் எனக்குப் பேசிக் காட்டிக்கொண்டுதான் இருக்கிறாள் என்று போட்டுக் கொடுத்தான். மருமகள் அவனை முறைத்தாள். டீச்சரம்மா இரண்டு செருப்பையும் போட்டுக்கொண்டு படி இறங்கினார்.

தையல்காரரின் கடை வாசலில் ரயில் நின்றுகொண்டிருந்தது. பிள்ளைகளில் ஒருத்தி தூக்கக் கலக்கத்தில் முடிச்சோடு சேர்த்துத் தன் பின்னலையும் பிடித்துக்கொண்டிருந்தாள். டீச்சரம்மாவைப் பார்த்ததும் தையல்காரர் பதறிப்போய், ஏதாவது தப்பாகிவிட்டதா என்று கேட்டார். தப்பு இல்லை, இன்றைக்கு நானும் ஒரு முடிச்சு என்று டீச்சரம்மா வரிசையில் நின்றுகொண்டார். மருமகள் போனை அவர் கையில் கொடுத்தாள்.

ரயில் கிளம்பியது. வாயாடி அண்ணன் வணக்கம் சொன்னார். டீச்சரம்மா தொண்டையைச் செருமினார்.

"அனைவருக்கும் என் பணிவான காலை வணக்கம். எம் பள்ளியின் வளர்ச்சியில் பெரிதும் அக்கறை கொண்ட நிர்வாகக் குழுத் தலைவர் அவர்களுக்கும், மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கும்..."

மருமகள் நெற்றியில் கை வைத்தாள். ஊர் முழுக்க வானொலியை நிறுத்தும் சத்தம் தன் காதில் விழுவதுபோல் அவளுக்கு இருந்தது.

உறுப்பினர்கள் முடிந்து முன்னாள் உறுப்பினர்களுக்கு வருவதற்குள் பெரிய சாலை வந்துவிட்டது. தையல்காரர் கையை உயர்த்திப் போக்குவரத்தை நிறுத்தினார். ரயில் சாலையில் இறங்கியது. பாதி வழியில் பட்டாணி என்று எல்லாரும் கூப்பிடும் ஒரு பொடிசுக்குச் செருப்பு கழன்றது. அது கயிற்றை விட்டுவிட்டுக் குனிந்தது. பின்னால் ஒரு கார் ஹாரனை அமுக்கியது.

டீச்சரம்மா கையில் போன் இருப்பதையே மறந்தார்.

"பட்டாணி, கயிறை விடாதே. செருப்பு எங்கயும் போகாது, நான் எடுத்துட்டு வரேன், நீ நட. கார்க்காரரே, ஹாரன் அடிச்சா பிள்ளைக்கு றெக்கையா முளைச்சிடும்? ஒரு நிமிஷம் பொறுத்தா ஆபீஸ் ஓடிப் போயிடாது. ஆங், சிரிக்கறீங்களா? உங்களை எனக்குத் தெரியும். மூணாம் வகுப்புல நீயும் இப்படித்தான் அவசரக்குடுக்கை."

இவ்வளவும் காற்றில் போனது. கடை திறந்துகொண்டிருந்தவர்களும், சமையலறையில் நின்றவர்களும், பிள்ளைக்குத் தலைவாரிக்கொண்டிருந்தவர்களும் கேட்டார்கள். கார்க்காரர் வெட்கத்தோடு ஹாரனிலிருந்து கையை எடுத்தார். அவர் காரிலும் அதே வானொலிதான் ஓடியது, தன் மானம் போவது தன் காதிலேயே கேட்டது.

வாயாடி அண்ணன் சிரித்து முடித்து மூச்சு வாங்கினார். டீச்சரம்மா, இதை யார் ஆரம்பித்தது என்று கேட்டார்.

டீச்சரம்மா சாலையின் அந்தப் பக்கம் ஏறி, பட்டாணிக்குச் செருப்பை மாட்டிவிட்டு நிமிர்ந்தார். இப்போது அவர் குரல் வீட்டில் பேசும் குரலாகிவிட்டது.

"நான் இல்லைப்பா. ஒரு அம்மா வேலைக்கு விடியறதுக்குள்ள போகணும். பிள்ளையைக் கூட்டிட்டு வர ஆளில்லை. நாங்க பள்ளிக்கூடத்துல ஆப்சென்ட்னு போட்டுட்டு உக்காந்திருந்தோம். இந்தத் தையல்காரர்தான் ஒரு நாள் கடையைப் பூட்டிட்டு அந்தப் பிள்ளையைக் கையில பிடிச்சுக் கூட்டிட்டு வந்தார். மறுநாள் இன்னும் ரெண்டு பிள்ளைங்க சேந்துச்சு. அப்புறம் கை பத்தலை, கயிறு பின்னினார். இப்ப எங்க பள்ளிக்கூடத்துல பயந்துட்டு வீட்ல நிக்கற பிள்ளை ஒண்ணுகூட இல்லை."

கொஞ்ச நேரம் வானொலியில் பிள்ளைகளின் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. அந்த நிகழ்ச்சியின் சரித்திரத்தில் அவ்வளவு நேரம் வாயாடி அண்ணன் பேசாமல் இருந்தது இதுதான் முதல் தடவை. பிறகு, எங்கள் தெருவுக்கும் இந்த ரயில் வருமா என்று கேட்டார்.

"பிள்ளை இருக்கற தெருவுக்கெல்லாம் வரும்" என்றார் டீச்சரம்மா. "இன்னைக்குச் சேர்க்கை நாள். வந்து பேரைக் கொடுங்க."

மருமகளுக்கு அந்த இடத்திலேயே மாமியாரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளத் தோன்றியது. கூச்சம் தடுத்தது. போனைத் திரும்ப வாங்கும் சாக்கில் அவர் கையை ஒரு தடவை அழுத்தினாள். டீச்சரம்மா கையை இழுத்துக்கொள்ளவில்லை.

பள்ளி கேட் திறந்ததும் முதலில் ஓர் அப்பா வந்தார், தோளில் பிள்ளையோடு. அவர் பேர் கொடுத்து முடிப்பதற்குள் பின்னால் இரண்டு அம்மாக்கள். அதன் பின்னால் ஒரு குடும்பமே வந்தது. பெஞ்சு போதாமல் வகுப்பறைகளிலிருந்து இழுத்துப் போட்டார்கள். வரிசை கேட்டைத் தாண்டி, சுற்றுச்சுவரை ஒட்டித் திரும்பி, தெருமுனைவரை போனது. சேர்க்கை அறையில் இருந்த ஆசிரியைகளிடம் ஒருவரும் மதிப்பெண்ணைப் பற்றியோ பாடத்திட்டத்தைப் பற்றியோ கேட்கவில்லை. கேட்டது எல்லாம் ஒரே கேள்வி. ரயில் எங்கள் தெருவுக்கு எந்த நேரத்துக்கு வரும்?

வெயில் உச்சிக்கு ஏறுவதற்குள் ஒன்றாம் வகுப்பு நிரம்பிவிட்டது. அதற்குப் பிறகும் வரிசை குறையாமல் நின்றது. இன்னொரு அறையைப் பெருக்கச் சொல்லி டீச்சரம்மா ஆள் அனுப்பினார். கேட் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே பெருக்கினார்.

இந்த நேரம் பார்த்துத்தான் நிர்வாகக் குழுத் தலைவர் வந்தார். காரைத் தெருமுனையிலேயே விட்டுவிட்டு, வரிசையை முட்டி மோதி, வேர்த்து விறுவிறுத்து உள்ளே நுழைந்தார். பின்னாலிருந்த ஓர் அம்மா, எல்லாரும் வரிசையில்தான் நிற்கிறோம், நீங்கள் மட்டும் என்ன என்று அவர் கையைப் பிடித்து நிறுத்தியும் பார்த்தாராம்.

தலைவர் இரண்டு அறைகளையும் பார்த்தார். சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். இவ்வளவு பேருக்கு முன்னால் பூட்டு என்ற சொல்லை எடுக்க எந்தத் தலைவருக்கும் துணிச்சல் வராது. அதோடு அவர் கெட்டவரும் இல்லை. காலியாகக் கிடந்த கட்டடத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டவர், நிரம்பிய கட்டடத்தைப் பார்த்துக் கணக்கை மாற்றிக்கொண்டார்.

"இணைப்பெல்லாம் இல்லை. பள்ளிக்கூடம் இங்கேயேதான் இருக்கும்" என்று எல்லாருக்கும் கேட்கிறமாதிரி சொன்னார்.

அறையில் எழுந்த சத்தத்தில் கைக்குழந்தை ஒன்று விழித்துக்கொண்டு அழுதது. ஆசிரியைகள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். தையல்காரர் கடைக்குப் போகவேண்டும் என்று சொல்லிக்கொண்டே போகாமல் நின்றார்.

சத்தம் அடங்கியதும் தலைவர் டீச்சரம்மாவின் பக்கம் சாய்ந்து, வானொலியில் என் பெயரை முழுசாகச் சொல்லவில்லைபோல என்று சின்னக் குரலில் கேட்டார். உங்கள் பெயர் பேப்பரில் முழுசாக வந்திருக்கிறதே என்றார் டீச்சரம்மா. பிறகு, சந்தைக்குப் பின்னால் இருக்கும் தெருவிலிருந்து இன்றைக்கு நிறையப் பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள், அந்தப் பக்கம் கயிறு பிடிக்க ஆளில்லை, உங்கள் வீடு அங்கேதானே, திங்கட்கிழமை காலையில் நீங்களே முன்னால் நின்றுவிடுங்கள் என்றும் சொன்னார். தலைவர் திருதிருவென்று விழித்தார். முடியாது என்று சொல்ல அவருக்கு வழி இல்லை. தையல்காரர் அதற்குள் அவர் உயரத்தைக் கண்ணால் அளந்து, இன்னொரு கயிறு பின்ன எவ்வளவு துணி ஆகும் என்று யோசிக்கத் தொடங்கிவிட்டார்.

நாத்தனார் வந்ததை மருமகள் அப்போதுதான் கவனித்தாள். பேப்பரிலிருந்து அவளுடைய சக ஊழியரும் போட்டோக்காரரும் வந்து வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் பேனாவைத் தொடாமல், அம்மாக்கள் பேர் கொடுக்கும்வரை பிள்ளைகளை மரத்தடியில் வரிசையாக உட்காரவைத்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். விதி விதிதான். ஆனால் மகள் மகள்தானே.

மருமகள் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். காலையில் கத்தியதற்கு மன்னித்துவிடு என்றாள். நாத்தனார் தலையசைத்தாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

"அந்த நாற்காலியை நான் கேட்டு வாங்கலை அண்ணி. உங்ககிட்ட அதைச் சொல்லணும்னு ரொம்ப நாளா நினைச்சிட்டிருந்தேன், வாய் வரலை. இன்னைக்குக் காலையில எடிட்டர் ரேடியோ கேட்டிருக்கார். அவரே என்னைக் கூப்பிட்டு, இது எப்படி நம்ம பேப்பர்ல வராம போச்சுன்னு கேட்டார். நடந்ததைச் சொன்னேன். இனிமே வாரா வாரம் பள்ளிக்கூடங்களுக்குன்னே ஒரு முழுப் பக்கமாம். அதுக்கு நீங்க வேணுமாம்."

மருமகளுக்குக் காது அடைத்தது. எத்தனை நாள் இந்தச் சொல்லுக்காக ஏங்கியிருக்கிறாள். வேலை போன அன்று அலுவலகப் படியில் உட்கார்ந்து அழுதது நினைவுக்கு வந்தது. எப்போது வரவேண்டும் என்று கேட்டாள்.

"திங்கக்கிழமையே. ஆனா ஒண்ணு அண்ணி. உள்ள வந்துட்டா இந்தப் பள்ளிக்கூடத்துச் செய்தியை நீங்க தொடக்கூடாது. எனக்கு இருக்கற அதே விதிதான் உங்களுக்கும். மத்த எல்லாப் பள்ளிக்கும் நீங்க எழுதலாம். அம்மாவுக்கு மட்டும் முடியாது."

சொல்லிக்கொண்டே நாத்தனார் எடிட்டரை அழைத்துத் தன் போனை நீட்டினாள். எடிட்டர் அதில் காத்திருந்தார். மருமகள் வாங்கிக் காதில் வைத்தாள்.

பின்னால் நிழல் விழுந்தது. டீச்சரம்மா நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார், எதுவரை கேட்டார் என்று இருவருக்கும் தெரியவில்லை. தலைவரையும் கூடவே அழைத்து வந்திருந்தார்.

"இவதான்" என்றார் தலைவரிடம். "என் மருமகள். இன்னைக்கு இந்தப் பள்ளிக்கூடம் பொழச்சதுக்கு இவதான் காரணம். நான் குறுக்க நின்னும் விடலை." பிறகு மகளின் பக்கம் திரும்பினார். "உன் எடிட்டர்கிட்ட சொல்லிடு. ஊர்ல வேற ஆளா இல்லை? இவளை நான் விட்டுத்தர மாட்டேன்."

நாத்தனாரின் முகம் சட்டென்று சுருங்கியது. இத்தனை வருஷத்தில் தன்னைப் பற்றி அம்மா யாரிடமும் இப்படிச் சொன்னதில்லை என்பது அவளுக்கு அப்போது உறைத்தது. எழுந்து, பிள்ளைகளைப் பார்க்கிறேன் என்று வரிசைப் பக்கம் போனாள்.

மருமகள் போனைக் காதில் வைத்தபடியே நின்றாள். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து கேட்காத வார்த்தையை இன்று ஊரறியக் கேட்டுவிட்டாள். இழந்த வேலையும் அதே நிமிஷத்தில் திரும்பி வந்து நிற்கிறது. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்துச் செய்தாள்.

"லைன்ல இருக்கீங்களாம்மா?" என்றார் எடிட்டர். "திங்கக்கிழமை உங்களை எதிர்பார்க்கலாமா?"